200 போன பிறகு 500 போகாது: ஸ்ட்ரீம் பாதியில் முறிந்தால்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) ஒரு விற்பனை ரிப்போர்ட், லட்சக்கணக்கில் வரிகள். மொத்தத்தையும் மெமரியில் சேர்த்து அனுப்பினால் சர்வர் திணறுகிறது என்று ஜெனரேட்டர் (கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியாகத் தரும் ஃபங்ஷன்) எழுதி, சிஎஸ்வி-யாகத் துண்டு துண்டாக ஸ்ட்ரீம் செய்கிறீர்கள். நடுவில் டேட்டாபேஸ் பிழை வந்தால் அதைப் பிடித்து 500 (சர்வரில் பிழை என்று சொல்லும் ஸ்டேட்டஸ் எண்) அனுப்பப் பார்க்கிறீர்கள். ஆனால் பயனருக்கு 200-தான் ('எல்லாம் சரி') போகிறது, கோப்பும் பாதியில் நிற்கிறது. 500 அனுப்ப என்ன வழி என்று கேட்கிறீர்கள்.

வழி இல்லை. ஸ்டேட்டஸ் என்பது பதிலின் முதல் வரி. உங்கள் முதல் துண்டு கிளம்புவதற்கு முன்பே அது கிளம்பிவிட்டது, அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. பிஎச்பி-யில் எழுதியவர்கள் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கையைப் பார்த்திருப்பார்கள். ஜாவா சர்வ்லெட்டில் ரெஸ்பான்ஸ் கமிட் ஆன பிறகு பிழைப் பக்கம் அனுப்பப் போனால் இல்லீகல்-ஸ்டேட் எக்ஸெப்ஷன் வரும். எந்த மொழிக்காரராக இருந்தாலும் இந்தச் சுவரில் ஒரு தடவையாவது முட்டியிருப்பார்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். வந்தது முழுசா, பாதியா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் 500 இல்லாமலே காரியம் நடந்துவிடும்.

முதலில் கம்பியில் என்ன போகிறது என்று பாருங்கள். எச்டிடிபி 1.0-வில் பதில் முடிந்ததைச் சொல்ல இரண்டே வழி: நீளத்தை ஹெடரில் முன்கூட்டியே சொல்வது, அல்லது இணைப்பை மூடுவது. நீளம் தெரியாமல் அனுப்பினால் மூடுவது ஒன்றே அடையாளம். சர்வர் வேலை முடிந்து மூடியதா, செத்துப்போய் மூடியதா என்று பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. 1997-ல் வெளிவந்த எச்டிடிபி 1.1 இந்த ஓட்டையைத் துண்டுமுறை கொண்டு அடைத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் போகும், பைட் கணக்கில், அதுவும் ஹெக்ஸ் (16-அடிமான) எண்ணாக. கடைசியில் பூஜ்ய நீளத்தில் ஒரு துண்டு. 'வணக்கம்' என்று மட்டும் அனுப்பினால் ஹெடர்களுக்குக் கீழே இப்படிப் போகும்:

15
வணக்கம்
0

பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வெற்று வரியும் உண்டு. ஏழு எழுத்துக் குறியீடுகள், யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. ஹெக்ஸில் 21 என்பது 15. கீழே உள்ள அந்தப் பூஜ்யம்தான் இந்தக் கதையின் நாயகன். அது வந்தால் பதில் முழுசு. அது வராமல் இணைப்பு அறுந்தால் பதில் முழுமையற்றது என்று 2022-ல் வந்த எச்டிடிபி 1.1 தர ஆவணமான ஆர்எஃப்சி 9112 ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. பூஜ்யம் என்பது சர்வர் போடும் 'முற்றும்' கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பொய்யாகப் போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு. நானே செய்திருக்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு பில் பதிவேட்டை சிஎஸ்வி-யாக இறக்கும் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மாதம் முடிந்ததும் அங்கே இருந்த கணக்காளர் அதை இறக்கி ஜிஎஸ்டி வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஜெனரேட்டருக்குள் ஒரு ட்ரை-எக்ஸெப்ட். பிழை வந்தால் லாகில் எழுதிவிட்டு ரிட்டர்ன். பார்க்க நாகரிகமான கோடு, ரிவ்யூவிலும் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் அவரிடமிருந்து போன்: "தம்பி, 26-ம் தேதிக்கு அப்புறம் நாம வியாபாரமே பண்ணலையா?"

கோப்பு தேதி வரிசையில் இருந்தது. கடைசி நாட்களின் பில் ஒன்றுகூட இல்லை. பிரவுசர் டிக் மார்க் போட்டு 'இறக்கியாச்சு' என்று காட்டியிருக்கிறது. எக்ஸெல் ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்திருக்கிறது. அவர் மொத்தத்தைக் கையால் கூட்டிப் பார்க்கும் பழைய காலத்து ஆள் என்பதால் பிடிபட்டது.

நடந்தது இதுதான். எக்ஸெப்ஷனை நான் விழுங்கியதும் ஜெனரேட்டர் ஒழுங்காக முடிந்தது. ஜெனரேட்டர் ஒழுங்காக முடிந்தால் அதற்கு மேலே இருக்கிற சர்வருக்கு என்ன தெரியும்? வேலை முடிந்தது என்று பூஜ்யத் துண்டை அனுப்பிவிட்டது. பாதிக் கணக்குக்கு முழுக் கையெழுத்து.

ஆகவே முதல் விதி: லாகில் எழுதுங்கள், ஆனால் எக்ஸெப்ஷனைத் திரும்ப எறியுங்கள் (ரெய்ஸ்). குனிகார்ன் மாதிரியான, பைத்தான் ஆப்களை ஓட்டும் சர்வர்கள் ஹெடர் போன பிறகு எக்ஸெப்ஷன் மேலே வந்தால் பூஜ்யத் துண்டை அனுப்பாமல் சாக்கெட்டை மூடிவிடும். முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் சரியான வேலை அதுதான். முறிந்தது முறிந்த மாதிரியே தெரிய வேண்டும்.

பைத்தானுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை இது. கோ மொழியில் இன்னும் வழுக்கல். அங்கே பிழை இருந்தால் லாகில் எழுதி ரிட்டர்ன் செய்வது விரலில் ஊறிப்போன பழக்கம். ஹேண்ட்லரிலிருந்து ரிட்டர்ன் ஆனாலே வெற்றி என்று எடுத்துக்கொண்டு லைப்ரரி பூஜ்யத் துண்டை அனுப்பிவிடும். சரி, ரிட்டர்னுக்கு முன்னால் பிழைப் பதில் அனுப்பும் ஃபங்ஷனைக் கூப்பிடலாமே என்றால், 'சூப்பர்ஃப்ளூவஸ் ரைட்ஹெடர்' என்று லாகில் ஒரு முணுமுணுப்பு வரும், பிழைச் செய்தி உங்கள் சிஎஸ்வி-யின் கடைசி வரியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்டர்னல் சர்வர் எரர்' என்று இருக்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே சரியான வழி, எர்-அபார்ட்-ஹேண்ட்லர் என்ற மதிப்பைக் கொடுத்து பேனிக் செய்வது. கோ 1.8-ல் இதற்கென்றே சேர்த்தார்கள். லாகில் ஸ்டாக் டிரேஸ் கொட்டாமல் இணைப்பை அறுத்துவிடும். பேனிக்கா என்று கோ-காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கோ-வின் சொந்த ரிவர்ஸ் ப்ராக்ஸியே நடுவில் பிழை வந்தால் இதைத்தான் செய்கிறது.

நோடில் இருப்பவர்களுக்கு: பழைய பைப் மெத்தடை நம்பாதீர்கள். மூல ஸ்ட்ரீமில் பிழை வந்தால் அது ரெஸ்பான்ஸை மூடாது, அப்படியே தொங்கவிடும். எரர் ஈவென்ட்டைப் பிடிக்காவிட்டால் ப்ராசஸே விழும். பிடித்து எண்ட் கூப்பிட்டால் மறுபடி அதே பொய்க் கையெழுத்து. டெஸ்ட்ராய்தான் கூப்பிட வேண்டும். நோடு 10-ல் வந்த பைப்லைன் ஃபங்ஷன் இதைத் தானே செய்துவிடும். எக்ஸ்பிரஸில் என்றால், ஹெடர் போய்விட்டதா என்று பார்த்து, போயிருந்தால் பிழையை நெக்ஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் இயல்பான பிழைக் கையாளி இணைப்பை மூடிவிடும்.

எச்டிடிபி 2-ல் துண்டுமுறை கிடையாது, பூஜ்யமும் கிடையாது. ஒரே இணைப்பில் பல ஸ்ட்ரீம்கள் ஓடுவதால் ஒன்றுக்காக மொத்த இணைப்பையும் அறுக்க முடியாது. அதனால் முடிந்தது என்பதற்கு ஃபிரேமில் எண்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு கொடி, முறிந்தது என்பதற்கு ஆர்எஸ்டி-ஸ்ட்ரீம் என்று தனி ஃபிரேமே இருக்கிறது. அதில் காரண எண்ணும் போகும், உள்பிழை என்றால் 2. எச்டிடிபி 3-லும் இதே ஏற்பாடு அதன் அடியில் ஓடும் க்விக் நெறிமுறை வழியாக. மேலே சொன்ன ரெய்ஸும் பேனிக்கும் டெஸ்ட்ராயும் அங்கே போகும்போது தானாக ரீசெட் ஆகிவிடும், நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

என் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது அத்தோடு முடியவில்லை. எக்ஸெப்ஷனைத் திரும்ப எறிந்து, குனிகார்னிடம் நேரடியாகச் சோதித்துப் பார்த்தேன். இணைப்பு ஒழுங்காக அறுந்தது. சந்தோஷமாக சர்வரில் ஏற்றினால், அங்கே பழைய குருடி கதவைத் திறடி. கோப்பு பாதியில் நிற்கிறது, பிரவுசர் டிக் மார்க் போடுகிறது.

நடுவில் என்ஜின்எக்ஸ் இருந்தது, பிரவுசருக்கும் ஆப் சர்வருக்கும் இடையே நிற்கும் ப்ராக்ஸி. அப்போது அது உள்ளே இருக்கிற ஆப் சர்வரிடம் இயல்பாகப் பேசியது எச்டிடிபி 1.0. நெடுங்காலமாக அதுதான் அதன் வழக்கமாக இருந்தது. 1.0-வில் கேட்டால் குனிகார்ன் துண்டுமுறையில் பதில் தராது, நேராகக் கொட்டிவிட்டு இணைப்பை மூடும். நான் அறுத்தது என்ஜின்எக்ஸின் கண்ணுக்கு 'ஒழுங்காக முடிந்து மூடியது' என்று தெரிந்திருக்கிறது. அது தன் பங்குக்கு வெளியே பிரவுசரிடம் 1.1-ல் பேசி, பூஜ்யத் துண்டைச் சேர்த்து அனுப்பிவிட்டது. நான் போடாத கையெழுத்தை இடைத்தரகர் போட்டுக் கொடுத்துவிட்டார்! கான்ஃபிக்கில் ப்ராக்ஸி எச்டிடிபி பதிப்பை 1.1 என்று ஒரே வரி மாற்றியதும் சரியாயிற்று. அதற்குப் பிறகு என்ஜின்எக்ஸ் லாகில் 'அப்ஸ்ட்ரீம் ப்ரிமெச்சூர்லி க்ளோஸ்ட் கனெக்ஷன்' என்று வரத் தொடங்கியது. அந்த வரியைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ், லோடு பேலன்சர், சிடிஎன் என்று எத்தனை அடுக்கு இருக்கிறதோ, ஒவ்வொன்றும் இப்படிக் கையெழுத்துப் போட வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, என்ஜின்எக்ஸ் இயல்பாகவே பதிலைத் தன் பஃபரில் சேர்த்து வைத்துக்கொள்ளும். துண்டுகள் உடனே பயனருக்குப் போய்ச் சேரவில்லை என்று தோன்றினால் எக்ஸ்-ஆக்ஸெல்-பஃபரிங் ஹெடரில் 'நோ' என்று கொடுத்து அனுப்புங்கள், அந்தப் பதிலுக்கு மட்டும் பஃபர் நின்றுவிடும்.

இதுவரை சொன்னது முறிந்த பிறகு செய்ய வேண்டியது. முறியாமல் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை முதல் பைட்டுக்கு முன்னால் இருக்கிறது. முதல் பைட் போகும்வரை 500, 403, 404 எல்லாம் உங்கள் கையில்தான். எனவே உடையக்கூடியதையெல்லாம் அதற்கு முன்னாலேயே உடைத்துப் பார்த்துவிட வேண்டும்: அனுமதி, தேதி வரம்பு, டேட்டாபேஸ் இணைப்பு, குவெரி.

இதில் ஜெனரேட்டர் ஒரு சோம்பேறி என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெனரேட்டரைக் கூப்பிட்டு ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸில் வைத்து வியூ (வேண்டுகோளுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) ரிட்டர்ன் ஆகும் வரைக்கும் அதன் உள்ளே ஒரு வரிகூட ஓடியிருக்காது. குவெரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் அது தெரிய வருவது வியூ முடிந்த பிறகுதான், பத்தித் தலைப்பு வரி முதலில் போயிருந்தால் 200-உம் போன பிறகு. வியூவைச் சுற்றி நீங்கள் போட்ட ட்ரை-எக்ஸெப்ட், பிழைப் பக்கம் காட்டும் மிடில்வேர் எதற்கும் அது சிக்காது. அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ் (வியூ முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனில் ஓட்டும் ஜாங்கோ அமைப்பு) வைத்திருந்தாலும் வியூ ரிட்டர்ன் ஆனதுமே அந்த டிரான்சாக்ஷன் முடிந்திருக்கும். உங்கள் ஜெனரேட்டர் அதற்கு வெளியே தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்வு எளிது. ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டை உண்டாக்குவதற்கு முன் நெக்ஸ்ட் கூப்பிட்டு முதல் வரியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது வந்துவிட்டால் குவெரி ஓடுகிறது, இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அந்த வரியையும் மிச்சத்தையும் இட்டர்டூல்ஸின் செயினால் கோர்த்து அனுப்புங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். நீங்கள் முதலில் யீல்டு செய்வது பத்தித் தலைப்பு வரியாக இருந்தால் அதை வாங்கி எதுவும் நிரூபணம் ஆகாது. டேட்டாபேஸிலிருந்து வரும் முதல் வரியாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையிலேயே ஒழுங்கான 500 ஆகிவிடுகிறது.

ஜாவாவில் இந்த வசதி கொஞ்சம் இலவசமாகவே உண்டு. டாம்கேட்டில் ரெஸ்பான்ஸ் பஃபர் இயல்பாக 8192 பைட், அது நிரம்பும்வரை கமிட் ஆகாது. அதற்குள் பிழை வந்தால் ரீசெட் செய்து புதிதாக ஆரம்பிக்கலாம்.

மிச்சம் இருப்பது உண்மையிலேயே நடுவழியில் வருகிற பிழை. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கு வந்தது போஸ்ட்கிரெஸ்-இன் ரெப்ளிகாவிலிருந்து. ரிப்போர்ட்தானே, முதன்மை சர்வருக்குப் பாரம் வேண்டாம் என்று படிக்கிற நகலிடம் குவெரியை அனுப்பியிருந்தோம். முதன்மையில் வேக்யூம் பழைய வரிகளைத் துடைத்தால் அந்தச் செய்தி நகலுக்கும் வரும். நகலில் ஓடும் குவெரிக்கு அந்த வரிகள் இன்னும் தேவை என்றால் போஸ்ட்கிரெஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும், இயல்பாக 30 விநாடி. அப்புறம் 'கான்ஃப்ளிக்ட் வித் ரெக்கவரி' என்று சொல்லி குவெரியைக் கொன்றுவிடும்.

இதில் ஒரு விபரீதம் பாருங்கள். குவெரி அத்தனை நேரம் திறந்திருந்ததற்கே காரணம் ஸ்ட்ரீமிங்தான். ஜெனரேட்டருக்குள் ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி, அதில் சர்வர் பக்கக் கர்சரை (விடையைப் பகுதி பகுதியாகத் தரும் பிடி) திறந்து, ஜாங்கோவின் இட்டரேட்டர் 2000 வரியாக எடுத்து அனுப்ப, நடுவில் பஃபரையும் நிறுத்தியிருந்தால் வாங்குகிறவர் வேகத்துக்கு ஏற்பத்தான் அடுத்த 2000 எடுக்கப்படும். அலுவலக நெட்டில் பத்து விநாடியில் முடிகிற இறக்கம், பஸ்ஸில் மொபைல் டேட்டாவில் இருப்பவருக்கு இருபது நிமிடம் இழுக்கும். அந்த இருபது நிமிடமும் டேட்டாபேஸில் ஒரு டிரான்சாக்ஷன் திறந்தே கிடக்கும். மெமரியை மிச்சம் பிடிக்கப் போய், மெதுவான நெட் வைத்திருப்பவரின் கையில் நம் டேட்டாபேஸின் கயிற்றைக் கொடுத்துவிடுகிறோம்.

அதனால் உங்கள் கேஸுக்கு என் சொந்தக் கருத்து: ரிப்போர்ட்டை ஸ்ட்ரீம் செய்யாதீர்கள். பின்னணி வேலையாக ஓடவிட்டு, டேட்டாபேஸிலிருந்து முழு வேகத்தில் இழுத்து தற்காலிகக் கோப்பில் எழுதி, எல்லாம் எழுதி முடிந்த பிறகே லிங்க்கைக் காட்டுங்கள். டேட்டாபேஸின் கர்சர் சில விநாடியில் மூடிவிடும். நடுவில் பிழை வந்தால் லிங்க்கே வராது, பொய் சொல்ல வாய்ப்பே இல்லை. கோப்பின் நீளம் முன்கூட்டியே தெரிவதால் கன்டென்ட்-லெங்த் போடலாம், பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். ஸ்ட்ரீமிங் என்பது உடனே பார்க்க வேண்டியவற்றுக்கு. கணக்காளர் சிஎஸ்வி-யின் முதல் வரியை இரண்டு விநாடி முன்னால் பார்த்து என்ன செய்யப் போகிறார்?

இல்லை, ஸ்ட்ரீம் செய்தே ஆக வேண்டும் என்றால் கோப்பின் வடிவத்தையும் யோசியுங்கள். சிலவற்றுக்குக் குறை பட்டால் தானே காட்டிக்கொடுக்கும் குணம் உண்டு. ஜேசன் அணி பாதியில் நின்றால் கடைசி அடைப்புக்குறி இருக்காது, பார்சர் கத்தும். ஜிப்-பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் வாலில்தான் இருக்கிறது, அதனால் பாதி ஜிப் திறக்கவே திறக்காது. எக்ஸெல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-உம் உள்ளுக்குள் ஜிப்தான். ஜிஜிப்-பின் கடைசி 8 பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் நீளமும் உண்டு. சிஎஸ்வி-க்கு இப்படி எதுவுமே கிடையாது. எந்த வரியில் வெட்டினாலும் அது முழுக் கோப்பு மாதிரியே உட்கார்ந்திருக்கும். மனிதர்கள் பார்க்கிற சிஎஸ்வி என்றால் கடைசியில் 'மொத்த வரிகள்' என்று ஒரு வரி சேர்ப்பேன். மெஷின் படிக்கிறது என்றால் சேர்க்க மாட்டேன், அங்கே வரிக்கு ஒரு ஜேசன் என்று அனுப்பி, கடைசி வரியை நிலைமை சொல்லும் வரியாக வைப்பேன்: முடிந்ததா, எத்தனை வரி, பிழை என்றால் என்ன பிழை. அந்த வரி வராவிட்டால் வாங்கியது எதையும் ஏற்காதே என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது டிரெய்லர் பற்றிச் சொல்வார்கள். பூஜ்யத் துண்டுக்குப் பின்னால் ஹெடர் மாதிரி சில வரிகள் அனுப்ப எச்டிடிபி-யில் இடம் உண்டு, நிலைமையை அதில் சொல்லலாமே என்று. நல்ல ஏற்பாடுதான், சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் ஜிஆர்பிசி அதை வைத்துத்தான் ஓடுகிறது. அதன் ஸ்டேட்டஸ் டிரெய்லரில்தான் போகும். ஆனால் பிரவுசரில் ஃபெட்ச் அந்த டிரெய்லரை ஜாவாஸ்கிரிப்ட் கையில் கொடுப்பதில்லை. அதனால் ஜிஆர்பிசி-வெப் டிரெய்லரையே மடித்து உடலின் கடைசி ஃபிரேமாக வைத்து அனுப்புகிறது. அவர்களே அப்படி இறங்கி வந்துவிட்ட பிறகு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

ஏஐ மாடல்களின் பதில் எழுத்து எழுத்தாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதே பிரச்சினை, இதே விடை. ஓபன்ஏஐ பாணி ஸ்ட்ரீமில் கடைசியில் சதுர அடைப்புக்குள் 'டன்' என்று ஒரு வரி வரும். ஆந்த்ரோபிக் ஏபிஐ-யில் மெசேஜ்-ஸ்டாப் என்ற ஈவென்ட். பாரம் அதிகமாகி நடுவில் நின்றால், ஸ்ட்ரீம் இல்லாதபோது 529 ஆகப் போயிருக்க வேண்டிய பிழை, 200-க்கு உள்ளேயே ஒரு எரர் ஈவென்ட்டாக வரும். ஸ்டேட்டஸை மட்டும் பார்த்து ரீட்ரை செய்கிற கோடு இதைக் கோட்டை விடும்.

இவை பயன்படுத்தும் எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) வடிவத்தில் இரண்டு குழி உண்டு. ஒன்று, உங்கள் பிழை ஈவென்ட்டுக்கு எரர் என்றே பெயர் வைத்தால், பிரவுசரின் ஈவென்ட்சோர்ஸில் இணைப்பு அறுந்ததற்கான எரரும் உங்கள் எரரும் ஒரே கையாளிக்கு வந்து சேரும். வேறு பெயர் வையுங்கள். இரண்டாவது, ஈவென்ட்சோர்ஸ் ஒரு பிடிவாதக்காரர். நீங்கள் ஒழுங்காக முடித்தாலும் இணைப்பு போய்விட்டது என்று திரும்ப வந்து தட்டும். முடிந்தது என்று ஒரு ஈவென்ட் அனுப்பி, அது வந்ததும் பிரவுசர் பக்கம் க்ளோஸ் கூப்பிட வேண்டும். மறந்தால் ஒரே குவெரி விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ் உரையை ஸ்ட்ரீம் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஃபெட்ச் கொடுக்கும் துண்டுகள் நீங்கள் அனுப்பிய துண்டுகளாகவே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, நெட்வொர்க் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். ஆங்கிலத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. தமிழில் ஒரு எழுத்துக் குறியீடே 3 பைட் என்பதால் 'வணக்கம்' இருபதாவது பைட்டில் வெட்டுப்படலாம். ஒவ்வொரு துண்டையும் தனியாக டீகோட் செய்தால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். டெக்ஸ்ட்டீகோடரில் ஸ்ட்ரீம் என்ற விருப்பத்தை ட்ரூ ஆக்கினால் அரைகுறைப் பைட்டுகளை வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும். அப்போதும் சிலசமயம் 'வணக்கம' என்று ஒரு கணம் தெரிந்து பிறகு புள்ளி வந்து உட்காரும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

எச்டிஎம்எல் பக்கத்தை ஸ்ட்ரீம் செய்தால் இணைப்பை அறுப்பது மட்டும் போதாது. ஏனென்றால் பிரவுசர் பாதிப் பக்கத்தையே காட்டிவிட்டு வாய்மூடி இருந்துவிடும், டெவலப்பர் கன்சோலில் மட்டும் முணுமுணுக்கும். 2011-ல் ரெயில்ஸ் 3.1-ல் டெம்ப்ளேட் ஸ்ட்ரீமிங் கொண்டுவந்தவர்கள் இதற்குச் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால், 500 பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் டேகை வாலில் ஒட்டி அனுப்புவார்கள். அதற்கும் முன்னால் ஒரு இரட்டை மேற்கோள் குறியும், டேகை மூடும் கோணக்குறியும். ஏன் அந்த இரண்டு எழுத்து? ஏதோ ஒரு டேகின் ஆட்ரிபியூட்டுக்கு நடுவில் பிழை வந்திருந்தால், அதை மூடாமல் ஸ்கிரிப்ட்டை அனுப்பினால் அதுவும் ஆட்ரிபியூட்டின் பகுதியாகிவிடும் அல்லவா. எங்கே உடைந்தது என்று தெரியாதபோது எப்படி மூடுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

2022-ல் வந்த ரியாக்ட் 18 இதை ஒழுங்குபடுத்தியது. பக்கத்தின் சட்டகம் தயாரான பிறகுதான் அனுப்பத் தொடங்கும். சட்டகத்திலேயே பிழை என்றால் 500 அனுப்ப உங்களுக்கு வாய்ப்புத் தருகிறது. பிறகு உள்ளே ஒரு பகுதி உடைந்தால் அந்த சஸ்பென்ஸ் எல்லைக்குள் (தனியாகக் காத்திருக்கும்படி பிரித்து வைத்த பகுதி) மட்டும் தற்காலிகக் காட்சியை வைத்துவிட்டு, பிரவுசரில் மறுபடி முயலும். முதல் பைட்டுக்கு முன் என்ன, பின் என்ன என்று பிரித்து யோசித்ததன் விளைவு அது.

ஒன்று விட்டுப்போயிற்று. எதிர்ப்பக்கம் முறிவதும் உண்டு. பயனர் டேபை மூடிவிட்டுப் போனால் உங்களுக்கு ப்ரோக்கன் பைப் வரும், அல்லது ஜெனரேட்டருக்குள் ஜெனரேட்டர்-எக்ஸிட் வரும். இதை உங்கள் பிழையாக லாகில் சிவப்பில் எழுதாதீர்கள், நிஜப் பிழை அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஃபைனலியில் கர்சரை மூடினால் போதும்.

இனி சோதிக்கும் முறை. ஐந்நூறாவது வரி வந்ததும் வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் எறியும்படி ஒரு ரகசிய அளவுருவைச் சோதனைச் சர்வரில் வையுங்கள். உங்கள் லேப்டாப்பின் டெவலப்மென்ட் சர்வரில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நிஜத்தில் இருக்கிற அதே என்ஜின்எக்ஸ், அதே லோடு பேலன்சர் வழியாக கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு இறக்கி, அது எந்த எக்ஸிட் கோடோடு வெளியே வருகிறது என்று பாருங்கள். 18 வந்தால் பாதியில் முறிந்தது என்று கர்லுக்குப் புரிந்திருக்கிறது. எச்டிடிபி 2 என்றால் 92 வரும். 0 வந்தால் நடுவில் யாரோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆப் சர்வரின் போர்ட்டில் நேரடியாக ஒரு தடவை, அதற்கு அடுத்த அடுக்கில் ஒரு தடவை என்று உள்ளிருந்து வெளியே வாருங்கள். 18 எந்த இடத்தில் 0 ஆக மாறுகிறதோ, அந்த அடுக்கின் கான்ஃபிக்கைத் திறந்து பாருங்கள்.